ஒரு தடவைதான் கேட்கிறார்கள்

அன்பிலும் அதட்டலிலும் அம்மாவுக்குச் சமமான அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பு சுகம், வயிறு மட்டும் காலி. அங்கே உனக்கும் அத்தானுக்கும் இரண்டுமே நிறைவாக இருக்க வேண்டுகிறேன்.

மூன்று வருஷமாகப் பார்க்காத மகளைப் பார்க்க விமானம் ஏறினேன் அல்லவா, அவள் விடுதியில் ஆண்களை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள், இந்தச் சிற்றூரில் லாட்ஜும் கிடையாது, அதனால் அவளோடு வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் வீட்டு மாடி அறையில் பத்து நாள் தங்க ஏற்பாடு. நர்ஸம்மா தங்கமானவர், பஸ் டிரைவரான அவர் கணவர் அதைவிடத் தங்கம். எல்லோருக்கும் அரைகுறை ஆங்கிலம், பேசுவது நன்றாகவே புரிகிறது. முதல் நாள் மேசையில் சூப், ரொட்டி, ஒரு முழுக் கோழி. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றார் நர்ஸம்மா. நம் வீட்டில் வளர்ந்தவன் முதல் தடவையே தட்டை நீட்டுவானா? "போதுங்க" என்றேன். இரண்டாவது தடவை பிகு பண்ணிக்கொண்டு, மூன்றாவது தடவை அவர்கள் திருப்திக்காகச் சம்மதிப்பதாக உத்தேசம். அவரோ "சரி" என்று கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா, நான் பேச்சுக்குத்தான் சொன்னேன் என்பது அந்தக் கோழிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

மறுநாள் இன்னொரு கம்பளி வேண்டுமா என்றார், "எதுக்குங்க சிரமம்" என்றேன், கோட்டும் சாக்ஸும் போட்டுக்கொண்டு படுத்தேன். நேற்று மழையில் ஆஸ்பத்திரி வரை காரில் விடட்டுமா என்றார் டிரைவர், வேண்டாம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லி முடிப்பதற்குள் கையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நனைந்து போய் நின்றவனின் தலையைத் துவட்டியபடி மகள் சொன்னாள்: "அப்பா, இங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. வேணும்னா வேணும்னு சொல்லிடுங்க."

"ஒரு தடவை கேட்டா அது கேட்டதுல சேர்த்தியாம்மா?"

அவள் தன் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். நான் வழித்துத் தின்றதைப் பார்த்துச் சிரித்தவள், கொஞ்சம் அழுதும்விட்டாள்.

முப்பத்தாறு வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவனுக்கு மானம் என்று ஒன்று இல்லையா? தீர்மானித்துவிட்டேன். இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தாலும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிறேன். இதோ கீழே போய்க் கறாராகச் சொல்லப்போகிறேன். யார் கையைப் பிடித்து இழுத்தாலும் நிற்க மாட்டேன். நீயும் என் மனசைக் கலைக்கப் பார்க்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்களுக்காவது கேட்டு வாங்கிச் சாப்பிடும் தைரியம் வரட்டும்.

இப்படிக்கு,
உறுதி குலையாத உன் தம்பி.

பின்குறிப்பு: சொல்லிவிட்டேன். நர்ஸம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "நீங்க இருந்தா எங்களுக்கு சந்தோஷமா இருக்கும். இருக்கீங்களா?" என்றார். எனக்கும் இருக்கத்தான் ஆசை, பெண்ணை விட்டுவிட்டு எப்படி வருவேன்? ஆனால் இந்தப் பாழாய்ப்போன வாய், "வேண்டாங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றது. டிரைவர் உடனே நேரம் பார்த்துச் சொன்னார்: காலை ஆறு நாற்பதுக்கு பஸ், அவரேதான் ஓட்டுகிறாராம். இந்தக் கடிதத்தைப் போனில் படமெடுத்து இப்போதே அனுப்புகிறேன். பார்த்ததும் என் மகளைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை கேட்கும்படி நர்ஸம்மாவிடம் சொல்லச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. இரண்டாவது தடவையிலேயே சம்மதித்துவிடுகிறேன், மூன்றாவது வரை இழுக்க மாட்டேன்.