கறுப்பு வெல்லம் வாங்கியவன்

பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் ஊர் அதைக் கள் என்றுதான் சொல்லும் என்பார்கள். அந்த மனிதனுக்காவது குடிக்கப் பால் கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை. கத்தரிச் செடிக்கு ஊற்றச் சர்க்கரை வாங்கப் போய், சாராயம் காய்ச்சுகிறவன் என்று பேர் வாங்கியவன் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே நான் ஒருத்தன்தான். அதுவும் எப்போது? எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த சமயத்தில்.

எழுபதுகளின் கடைசி அது. பி.ஏ. முடித்துவிட்டு, வேலை வரும் என்று எங்கள் ஊர் சோரியாங்குப்பத்தில் காத்திருந்தேன். வேலை வருகிறவரை வீட்டை ஒட்டிய எங்கள் நிலத்தின் ஒரு மூலையில் கத்தரி போட்டிருந்தேன். (போட்டது அப்பா. நான் வரப்பில் நின்று ஆலோசனை சொன்னேன். படித்தவன் அல்லவா?)

ஒருநாள் தோள்வரை முடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரர் எங்கள் நிலத்துக்கு முன்னால் சைக்கிள் செயின் கழன்று நின்றார். புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் காட்டில் பயிர் வைத்துக்கொண்டிருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். பதிலுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போயிருந்தால் என் வாழ்க்கை நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அறிவைக் கொடுத்தார்.

"உரம் வேண்டாம். பழம், சர்க்கரை, பானை. மூடி வை. புளிக்கும். கொஞ்சம் எடுத்து நிறைய தண்ணீர் ஊற்று. செடி குடிக்கும். மீன் கழிவு, சர்க்கரை, அதுவும் நல்லது" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

"எந்தச் சர்க்கரை?" என்று கேட்டேன். அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "நல்ல சர்க்கரை!" என்று கத்தினார். நல்ல சர்க்கரை எது என்று சொல்லாமல் போய்ச் சேர்ந்தார் புண்ணியவான்.

முதலில் வெள்ளைச் சர்க்கரையில் தொடங்கினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அது விருந்தாளிகளுக்கு மட்டும் உரியது. ரேஷனில் வாங்கி, டப்பாவில் போட்டு, அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்து வைத்திருப்பாள். அதைக் கண்டுபிடித்து, பப்பாளியை நறுக்கிப் போட்டு மூடி வைத்தேன். சர்க்கரை அதிகமாகிவிட்டதோ என்னவோ, அது புளிக்கவே இல்லை. பாகாகி உட்கார்ந்துவிட்டது. அப்பா அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டு, "நல்லாத்தான்டா இக்குது" என்றார். அம்மா அப்படி விடவில்லை.

"செடிக்கு சக்கரையா? வெறும் சக்கரையா ஏன்டா குடுக்கற? பாலு ஊத்தி டிகாஷன் போட்டு டம்ளர்ல ஆத்திக் குடேன்!"

அடுத்தது அச்சு வெல்லம். பளபளவென்று மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சள், பாகு கொதிக்கும்போது போடுகிற ஏதோ வெள்ளைப் பவுடரால் வருவது என்று பிறகுதான் தெரிந்தது. பானையில் ஒரு நுரை இல்லை, ஓர் அசைவு இல்லை. பவுடர் போட்ட வெல்லத்தில் எதுவும் உயிரோடு இருக்காது என்று முடிவு கட்டினேன். அப்புறம் பனைவெல்லம் வாங்கினேன். அது பானைவரை வந்து சேரவில்லை. அப்பாவுக்குச் சுக்குக் காப்பி என்றால் உயிர்.

கடைசியாகத்தான் பாகூர் கடைத்தெருவில் சுல்தான் பாய் கடையில், பின்பக்கத்து இருட்டு மூலையில், கோணியில் கிடந்த கறுப்பு வெல்லத்தைப் பார்த்தேன். தாரைப் போன்ற கறுப்பு. கசகசவென்று ஈரம். கரும்புச் சக்கை அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பவுடரும் படாத உடம்பு. வெள்ளைக்காரர் சொன்ன நல்ல சர்க்கரை இதுதான் என்று எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

எனக்குத் தெரியாத ஒன்று கொம்யூனில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த வெல்லத்தில் யாரும் பாயசம் வைப்பதில்லை. சாராயத்துக்கு ஊறல் போடுகிறவர்கள்தான் அதை வாங்குவார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து, துண்டில் மூடி எடுத்துப் போவார்கள். அதைப் பட்டப்பகலில் கேட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இத்த யாருக்கு?"

"எனக்குத்தான் பாய்."

"வூட்ல தெரியுமா?"

"தெரியுமே. பானை அப்பாதான் வாங்கிக் குடுத்தாரு."

"அப்பாருமா!" என்றார் பாய். வெல்லத்தை எடுத்துத் தராசில் வைத்தார். "வெறும் வெல்லமா, இல்ல வேற எதுனா சேப்பியா?"

"பப்பாளி, வாழப்பழம், பரங்கிக்கா எல்லாம் போடுவேன் பாய்."

"ஒசத்தியான சரக்குதான்" என்று முணுமுணுத்தார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, வெல்லத்தை சைக்கிள் கேரியரில் மூடாமல் கட்டி, கடைத்தெரு முழுக்க மணியடித்துக்கொண்டு வந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். படித்தும் விவசாயத்தை விடாத இளைஞன் என்று மெச்சுகிறார்களாக்கும் என்று நினைத்து, நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

வெல்லம் ஏமாற்றவில்லை. மாட்டுக் கொட்டகையில் பழப் பானை நுரைத்துப் பொங்கி, வாயில் கட்டிய துணியையே தூக்கியது. பக்கத்தில் இன்னொரு பானையில் பூரணாங்குப்பத்திலிருந்து கொண்டுவந்த மீன் கழிவை அதே வெல்லத்தில் போட்டு வைத்தேன். அதன் மணம் பற்றி எழுத எனக்கு வயதாகிவிட்டது. எங்கள் மாடு இரண்டு நாள் கொட்டகைக்குள் வர மறுத்தது என்பதோடு விடுகிறேன்.

இதற்கு நடுவில்தான் கல்யாணப் பேச்சு. பெண் வீடு பெண்ணையாற்றுக்கு அந்தாண்டை, கடலூர்ப் பக்கம். அங்கே மதுவிலக்கு. இங்கே தெருவுக்குத் தெரு சாராயக்கடை. அதனால் புதுச்சேரி மாப்பிள்ளை என்றாலே அந்தப் பக்கத்தார் வேலையைக் கேட்கமாட்டார்கள், நிலத்தைக் கேட்கமாட்டார்கள். "பையன் குடிப்பானா?" என்பதுதான் முதல் கேள்வி. பெண்ணின் அப்பா குடித்தே செத்தவர். பெண்ணின் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, இந்த ஒரு கேள்வியிலேயே பல வரன்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். எனக்கோ வேலை இல்லை, சொல்லிக்கொள்கிற மாதிரி நிறமும் இல்லை, உயரமும் இல்லை. குடிக்கமாட்டேன் என்பது ஒன்றுதான் என் சொத்து.

பெண் பார்க்கப் போயிருந்தபோது வசந்தா காப்பியை நீட்டிவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அதன்பிறகு நான் அந்த வீட்டில் வேறு எதையும் பார்க்கவில்லை. காப்பியில் சர்க்கரை போட்டிருந்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் நேராக வீட்டுக்கு வந்துவிடமாட்டார்கள். முதலில் ஊர் முனையில் டீக்கடையில் உட்கார்ந்து, யாரோ போல விசாரிப்பார்கள். அத்தையும் அவருடைய தம்பி ராஜவேலு மாமாவும் அப்படித்தான் எங்கள் ஊர் கோவிந்தன் கடையில் உட்கார்ந்தார்கள். கோவிந்தனுக்கு என்மேல் பிரியம் அதிகம். அங்கே நடந்ததை மாமா பின்னாளில் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"அந்தப் புள்ள எப்டிப்பா?"

"தங்கமான புள்ளம்மா. ஒரு சொட்டு வாயில வெக்காது."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். கோவிந்தன் அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நல்லது செய்யவேண்டும் என்ற வேகம் அவனை விடவில்லை.

"காச்சறதோட சரி" என்றானாம்.

"இன்னாது?"

"தொழிலு வேற, பழக்கம் வேறம்மா. வெல்லம் வாங்கறதக்கூட அது மறச்சி வாங்காது, அவ்ளோ நேர்ம. பழமெல்லாம் போட்டுத்தான் காச்சுது. குடிக்கிறவனுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாது."

எங்கள் வீட்டில் அம்மா கேசரி கிளறி, பாய் விரித்து, என்னைப் பவுடர் போடவைத்து உட்காரவைத்திருந்தாள். அத்தை உள்ளே வந்தார். உட்காரவில்லை. "அந்தப் பான எங்க இக்குது?" என்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஆனால் தப்பாகப் புரிந்தது. என் விவசாய ஆராய்ச்சியின் புகழ் ஆற்றைத் தாண்டிவிட்டது என்று நினைத்து, "வாங்க, காட்றேன்" என்று துள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

கொட்டகையில் மாமா முறைப்பாக முன்னால் வந்தார். "யக்கா, நீ தள்ளு. இதெல்லாம் பொம்பளைங்க மோந்து பாக்கற சமாச்சாரமா? நான் பாக்கறேன்" என்று முதல் பானையின் துணியை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அது மீன் பானை. அப்படியே பின்னால் போய் வைக்கோல் போரில் சாய்ந்தார். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தெளிந்து எழுந்து, இரண்டாவது பானையை ஜாக்கிரதையாகத் திறந்தார். லேசாக மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் மோந்தார். அப்புறம் மெதுவாக, ரசித்து, மூன்றாம் தரம்.

"இன்னாடா அத்தினி வாட்டி மோந்து பாக்கற?" என்றார் அத்தை.

"சந்தேகமா இக்குதுக்கா" என்றார் மாமா, பானையிலிருந்து முகத்தை எடுக்காமலே.

அத்தையே குனிந்து மோந்தார். அவர் முகம் கல்லாகிவிட்டது. பழமும் வெல்லமும் புளித்தால் வருகிற வாடை அதுதான், அந்த வாடையோடு பல வருஷம் குடும்பம் நடத்தியவர் அவர். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பாய், கடைத்தெரு, திரும்பிப் பார்த்த ஜனங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. "செடிக்குங்க... கத்தரிச் செடிக்கு... வெள்ளைக்காரரு... நல்ல சக்கரன்னு..." என்று உளறினேன். கேட்பவர் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கே நம்பும்படியாக இல்லை.

"செடிக்குத்தான?" என்றார் அத்தை. "தோ இக்குது செடி. ஊத்து."

"தண்ணி கலந்துதான் ஊத்தணும். இல்லன்னா செடி கருகிப்..."

"ஊத்துப்பா."

வசந்தாவின் சிரிப்பு கண்முன் வந்து நின்றது. கத்தரியாவது ஒன்றாவது! பழப் பானையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பாத்தி பாத்தியாக, அடி வண்டல் வரை கவிழ்த்துக் கொட்டினேன். அது கடகடவென்று மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஐயையோ! டேய், கொஞ்சம் வெச்சிக்கடா!"

எல்லாரும் திரும்பினோம். மாமா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கண் கலங்கி நின்றார். மச்சான் செத்த அன்றைக்கே கற்பூரத்தின்மேல் அடித்துச் சத்தியம் செய்து, குடியை விட்டவராம் அவர். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ வூட்டுக்கு வா" என்றார். அவ்வளவுதான். கேசரியைத் தொடவில்லை. ஆற்றுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். மாமா பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

கத்தரி முழுக்கக் கருகிப்போனது. சுற்று வட்டார எறும்புகள் எல்லாம் எங்கள் நிலத்துக்குக் குடிவந்தன. அப்பா என்னோடு பேசவில்லை. நான் சாப்பிடவில்லை. சம்பந்தம் முறிந்தது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். தரகர் வந்து, "நாள் பாக்கச் சொல்லிட்டாங்க" என்று சொன்னபோது, அவர்தான் எங்கோ குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அம்மா சந்தேகப்பட்டாள்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத்தான் வசந்தாவிடம் தைரியமாகக் கேட்டேன். "அத்தை எப்படி சம்மதிச்சாங்க?"

அவள் சிரித்துச் சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கால் கழுவி உட்கார்ந்த அம்மாவிடம், "ஆளு எப்டிம்மா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"ஆளு கெடக்கறான், மண்டு. மேலெல்லாம் மீன் நாத்தம்" என்றாராம் அத்தை. "ஆனா ஊத்துன்னேன், ஊத்திட்டான். உங்கப்பாகிட்ட எத்தினி வருசம் கெஞ்சிக்கினு இருந்தேன். ஒரு டம்ளர் கொட்டுனது கெடையாதுடி."

அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், படிப்பு, சம்பளம், ஜாதகம் எல்லாம் பேசி முடித்தபிறகு யாராவது ஒருவர், "அதெல்லாம் சரி, ஊத்துன்னா ஊத்துவானா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. உடனே எல்லாரும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ராஜவேலு மாமாதான் எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பார். அத்தை இருந்தவரை, அவர் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. "சிரிப்பு அப்புறம். மொதல்ல போயி கேட்டுக்கினு வாங்க" என்பார்.