இடது ஓரம் பார்க்காத கணினி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் முதுகைத் தவிர எல்லாம் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் நலமாகவே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் மேற்கொண்டு உன்னைத் திட்டப்போகிறேன். போனில் என்றால் சமாதானம் சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு நீ எழுதிக் கொடுத்த மென்பொருள் இருக்கிறதே, நுண்ணோக்கியில் எடுத்த ரத்தப் படங்களில் மலேரியாக் கிருமியைத் தானே கண்டுபிடிக்கும் என்று இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து எழுதினாயே, அது என் மானத்தை வாங்கிவிட்டது. போன வாரம் ஒரு பஸ் டிரைவர் காய்ச்சலோடு வந்தார். இரண்டு நாள், இரண்டு முறை ரத்தம் எடுத்தோம். இரண்டு முறையும் கணினி 'கிருமி இல்லை' என்றது. "ஏம்மா, அப்ப நான் சும்மா விளையாட்டுக்கா நடுங்கறேன்?" என்று பல் தந்தியடிக்கக் கேட்டார் மனிதர். மனசு கேட்காமல் அதே படங்களைத் திரையில் பெரிதாக்கி நானே தேடினேன். மொத்தம் நாலே கிருமி, குட்டி மோதிரங்கள் போல. நாலும் படத்தின் இடது ஓரத்தில். மருந்து கொடுத்து அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய டாக்டர்தான் உட்காரவில்லை. "உங்க தம்பி மெஷினுக்கு ஒரு கண்ணு தெரியல போலிருக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிடறேன்," என்கிறார். அக்கா வேலை செய்யும் இடமே வேண்டாமென்றால் வேறு யாரடா அதை எடுப்பார்கள்?

நான் என்ன குறை வைத்தேன்? அதற்குப் பாடம் சொல்ல மூவாயிரம் படங்களில் கிருமி இருக்கும் இடமெல்லாம் வட்டம் போட்டவள் நான். எவ்வளவு அமைதியான மாதங்கள் அவை. திரைக்கு இடப்பக்கம் ஜன்னல். எதிர் மாடியில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் காயும். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக உப்பி, கட்டடமே எங்கோ கிளம்பப்போவதுபோல் இருக்கும். இளஞ்சிவப்பு அணுக்கள் மிதக்கும் படத்திலிருந்து அந்த வெள்ளைக்குக் கண் எப்போது போனது, எப்போது திரும்பியது என்று எனக்கே தெரியாது. அப்படித் தவமாகச் செய்த வேலை! சின்ன வயதில் நீயும் இப்படித்தான், கண் புத்தகத்தில், மனசு தெருவில். உன் புத்தி அதற்கும் வந்துவிட்டது.

சீக்கிரம் வந்து அதற்குக் கண் வைத்தியம் பார். இருவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

கோபத்தோடும் ஆசியோடும்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன், உன்னை இன்னும் இரண்டு வரி திட்ட ஆதாரம் தேடி அந்த மூவாயிரம் படங்களைத் திறந்தேன். என் வட்டங்கள் நடுவிலும் வலப்பக்கமும்தான். இடது ஓரத்தில் ஒன்றுகூட இல்லை; கிருமிகள் மட்டும் இருக்கின்றன. பிறகு பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "அப்ப மெஷின் நல்லாத்தான் படிச்சிருக்கு. டீச்சரைத்தான் மாத்தணும்," என்றார். ஆனால் திருப்பி அனுப்பும் தாளைக் கிழித்துவிட்டார். கணினி 'இல்லை' என்றவற்றை எல்லாம் நானே மறுபடி பார்க்கிறேன். மூவாயிரத்துக்கும் முதலிலிருந்து வட்டம் போடுகிறேன். மேலே திட்டியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. ஜன்னலே வேண்டாமென்று மேசையை மூலைக்குத் தள்ளியாயிற்று. இங்கே சுவரில் ஒரு ஈரக்கறை. பார்க்கப் பார்க்கக் கப்பல் மாதிரியே இருக்கிறது. வலப்பக்கம்.