பொலிவியாவில் ஜீப் மாறி ஏறிய கதை

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனைவிட, அவனோடு ஊர் சுற்றப் போகிறவர்தான் பாவம். அந்த வகையில் என் மனைவி வசந்திக்கு இதுவரை யாரும் பதக்கம் குத்தாதது அநியாயம்.

நான் ஜெர்மனியின் எசன் நகரில் பஸ் ஓட்டுகிறவன். "பார்த்து ஏற மாட்டீர்களா?" என்று பஸ் மாறி ஏறிய பலரைக் கடிந்திருக்கிறேன். (அவர்களில் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.)

எங்கள் கலியாணத்தின் வெள்ளிவிழா ஆண்டில் வசந்தி தென்னமெரிக்கா போகவேண்டும் என்றாள்.

"கனடாவில தங்கச்சி வீட்டை போவமே?" என்றேன்.

"அங்க போய் அவளின்ர அடுப்படியைப் பாக்கிறதோ? எனக்கு மலை, காடு, பாலைவனம் எல்லாம் பாக்கவேணும்."

ஜெர்மன்காரர் குழு ஒன்றோடு சேர்ந்தோம். மற்றவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் மலை ஏறுகிறவர்கள். நான் ஒரு பை நிறைய மாத்திரைகளோடு போனவன். பெருவின் மழைக்காட்டில் நுளம்புக்கடிக்குப் பயந்தேன். ஏரியில் படகுக்குப் பயந்தேன். பொலிவியாவின் மேட்டுநிலத்தில் மூச்சு விடவே பயந்தேன். யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று பயண நிறுவனம் எல்லோருக்கும் ஒரேமாதிரி செம்மஞ்சள் ஜாக்கெட் தந்திருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

அன்று ஒரு சிவப்பு ஏரிக்கரையில் நின்றோம். காற்று கன்னத்தில் அறைந்தது. கம்பளித் தொப்பி, முகம் மூடிய சால்வை, கறுப்புக் கண்ணாடி என்று கண் மூக்குத் தெரியாமல் நின்றேன். வசந்தி பூநாரைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தலை இடிக்குது. நான் ஜீப்பில இருக்கிறன், நீர் வாரும்."

"ஓம், போங்கோ. ஆனா நித்திரை கொள்ளாதேங்கோ. இந்த உயரத்தில படுத்தால் மூச்சு நிண்டிடும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

வரிசையாக வெள்ளை ஜீப்புகள், எல்லாவற்றிலும் ஒரே தூசி. ஒன்றின் பின்னிருக்கையில் ஏறி, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூங்கிப்போனேன்.

"கடவுச்சீட்டுகளை எடுத்து வையுங்கள், சிலி எல்லை வந்துவிட்டது" என்று யாரோ ஜெர்மன் மொழியில் சொன்னபோதுதான் விழிப்பு வந்தது. நாங்கள் எல்லை கடப்பது மறுநாள் அல்லவா? கண்ணைத் திறக்காமலே பக்கத்தில் கையை நீட்டினேன்.

"வசந்தி, பாஸ்போட்டைத் தாரும்."

ஒரு கை என் கையை அன்போடு பற்றியது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைக் கை! அந்தப் பெண்மணி அலறினார். நானும் அலறினேன். (அவர் ஜெர்மனில், நான் "ஐயோ அம்மா" என்று.)

"நீங்கள் யார்? என் கணவர் டீட்டர் எங்கே?"

"சிவம். எசன்" என்றேன், பொலிஸுக்குச் சொல்வதுபோல.

"இரண்டு மணி நேரமாக உங்கள் தோளிலா சாய்ந்திருந்தேன்?" என்று கீசலா, அதுதான் அவர் பெயர், முகத்தைப் பொத்திக்கொண்டார். அது அதே நிறுவனத்தின் வேறொரு குழு. அவர்கள் அன்றே சிலிக்குப் போகிறவர்கள்.

வெளியே ஒரு கொட்டில், ஒரு கொடி, ஒரு சீருடை. இளவயதில் ஜெர்மனிக்கு அகதியாக வரும்போது இப்படித்தான் ஓர் எல்லையில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றேன். அன்று கடவுச்சீட்டே இல்லை. இன்று இருக்கிறது, மலைகளுக்கு அப்பால், வசந்தியின் கைப்பையில். அதிகாரி ஜீப்பை நோக்கி வந்தார். நான் என்னையறியாமல் இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பிறகு யன்னலுக்குள்ளால் ஒரு கோப்பை சுடுதேநீரை நீட்டினார். அதை வாங்கியபோது பாதி என் மடியில் சிந்தியது.

வழிகாட்டி இளைஞன் செய்மதித் தொலைபேசியில் எங்கள் குழுவைப் பிடித்தான். கேட்டுவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"அங்கே யாரும் குறையவில்லையாம். உங்கள் மனைவியின் கணவர் பக்கத்தில்தான் தூங்குகிறாராம்."

"அது என் டீட்டர்!" என்றார் கீசலா.

அந்த மனிதரும் அதே செம்மஞ்சள் ஜாக்கெட்டும் மூடிய முகமுமாக, காற்றுக்குப் பயந்து அகப்பட்ட ஜீப்பில் ஏறியிருக்கிறார். இரண்டு பக்கமும் தலைகள் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தூசியைக் கிளப்பிக்கொண்டு எங்கள் ஜீப் வந்தது. டீட்டர் இறங்கினார். கழுத்தில் வசந்தியின் சால்வை, கையில் எங்கள் முறுக்குப் பை. வசந்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"உமக்கு வித்தியாசம் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சதுதான். ஒண்டுக்கும் பயப்பிடாமல் பேசாமல் இருந்தார். மலைக்காத்து உங்களுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது எண்டு சந்தோசப்பட்டன்."

ஆனாலும் நித்திரை கொள்கிறாரே என்று வழிநெடுக அவரைத் தமிழில் ஏசிக்கொண்டே வந்தாளாம். ஏன் வாய் திறக்கவில்லை என்று டீட்டரைக் கேட்டேன்.

"ஒரு சொல்லும் விளங்கவில்லை" என்றார். "ஆனால் கீசலா ஏசுவதுபோலவே இருந்தது. அதனால் கண்ணைத் திறக்கவில்லை."

அவர்கள் இருப்பதும் ஜெர்மனியில்தான், பான் நகரில். இப்போது மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு நண்டுக்கறி சாப்பிட வருகிறார்கள்.

போன கிழமை வசந்தி நோர்வே மலைகளைப் பற்றிப் பேச்செடுத்தாள். குளிர், கப்பல், பள்ளத்தாக்கு என்று நான் காரணங்களை அடுக்கி, "எனக்கு ஏலாது" என்று முடித்தேன்.

பக்கத்தில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் தலையை நிமிர்த்தவேயில்லை. "அப்பாவை விடுங்கோ அம்மா. டீட்டரைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வசந்தி உடனே கைபேசியை எடுத்தாள். நான் போய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினேன்.