ஒத்தப் பாண்டி ஆன கதை

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று வீட்டில் பெயர் வாங்கியவனிடம் பத்திரிகை அடிக்கும் வேலையை மட்டும் கொடுக்கவே கூடாது. எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் போட, வீட்டுக்கு ஒருவராகத் தாய்மாமன்கள் பெயர்களை உறவுகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ஒருவருக்கு இனிஷியல் தமிழில், இன்னொருவருக்கு ஆங்கிலத்தில், சிலருக்கு அடைப்புக்குள் ஊர், பக்கத்தில் ரோஜாப்பூ படம் வேறு. கையால் திருத்தினால் அரைமணி நேர வேலை. நான் கம்ப்யூட்டரே தானாகத் திருத்தட்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், ஒரு நாள் முழுக்க. (ஆபீசுக்கு லீவு போட்டு.) இனிஷியலை எடு, பூவை எடு, அடைப்புக்குள் இருப்பதை எடு, ஒரே வரி மறுபடி வந்தால் நீக்கு. பட்டனைத் தட்டியதும் எல்லாம் பளிச்சென்று ஆனது. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

எங்கள் குலசாமி பாண்டி. பெரியப்பா, சித்தப்பா வீடுகளிலும் மூத்த பையனுக்கு அந்தப் பெயர்தான். வண்டியூர் பாண்டி, சமயநல்லூர் பாண்டி என்று ஊரைச் சொல்லித்தான் அடையாளம். ஊரை எடுத்ததும் எல்லாரும் ஒரே வரி ஆகிவிட்டார்கள். ஸ்கிரிப்ட் முதலில் இருந்த பாண்டியை மட்டும் விட்டுவைத்தது. அது நான்.

பத்திரிகை கைக்குப் போனதும், வேண்டுமென்றே செய்தேன் என்று சொந்தமெல்லாம் பேசியது. குழந்தையை மடியில் வைக்க வேண்டிய மூத்த மாமன், சமயநல்லூர் அண்ணன், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் வராமல் காது குத்த மாட்டேன் என்று அக்கா அழுதாள்.

ஸ்கூட்டரில் போய் நின்றேன். அவர் வீட்டுக் கூடத்தில் தாம்பாளத்தில் பட்டுப்பாவாடையும் கம்மலும் தயாராக இருந்தன. அதைப் பார்த்ததுமே எனக்குக் கூசிப்போனது.

"அம்புட்டுப் பேரையும் தூக்கிட்டு நீ ஒருத்தன் மட்டும் மாமனா நிக்கப் போறியாடா?"

"இல்லண்ணே, கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்கிரிப்ட்டு..."

"அது கெடக்கட்டும். அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒருக்கா வாசிச்சியா?"

ஒரு நாள் முழுக்க ஸ்கிரிப்ட் எழுதியவனுக்கு ஒரு நிமிடம் வாசிக்க நேரமில்லை. "வாசிக்கலண்ணே" என்றேன்.

தாம்பாளத்தில் இருந்த கம்மலை எடுத்துப் பட்டுப்பாவாடை மேல் நேராக வைத்தார். "போ, வாரேன். பிள்ள என்ன பாவம் செஞ்சுச்சு" என்றார்.

வந்தார், மடியில் வைத்துக்கொண்டார். நான் மண்டபத்துத் தூணுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். மற்றவர்களையெல்லாம் வண்டியூர் மாமா, சமயநல்லூர் மாமா என்று ஊரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். என்னை மட்டும் 'ஒத்த மாமா' என்பாள். ஏன் என்று யாராவது கேட்டால், மொத்தக் கதையையும் சமயநல்லூர் அண்ணன்தான் சொல்லுவார், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.