மச்சானும் அணைந்த பைலட்டும்

மச்சானை வீட்டை விட்டு விரட்டியே தீருவது என்று முடிவெடுத்தேன். திட்டாமல், முகம் கோணாமல், ஒரே ஒரு திருகில்.

மச்சான் என்றால் என் மனைவி இந்துஜாவின் அண்ணன் சுயம்புராஜ். மணவாளக்குறிச்சிக்காரர். பல் காட்ட நாகர்கோவில் வந்தவர், வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தானே என்று எங்கள் வீட்டில் தங்கினார். பல் தேறி முறுக்கு கடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆள்தான் கிளம்பவில்லை. என் சாய்வு நாற்காலி அவருக்கு. டிவி ரிமோட் அவருக்கு. கல்யாணமான நாள் முதல் எனக்கென்றே இருந்த மீன் தலைத்துண்டும் அவருக்கு. எனக்கு வால். எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் வாலையே தின்பான்?

அவருடைய பலவீனம் வெந்நீர். இரண்டு வேளையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். பச்சைத் தண்ணீர் பட்டால் தெருவே எழுந்து உட்காரும்படி தும்முவார். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் ஹீட்டர். மஸ்கட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தபோது நான் வாங்கியது. பின்பக்கம் கூரை இறக்கிய சாய்ப்பில் புகைக்குழாயோடு மாட்டியிருக்கிறேன். உள்ளே பைலட் என்று ஒரு குட்டிச் சுடர் எப்போதும் எரியும். குழாயைத் திறந்தால் அதுதான் பெரிய தீயைப் பற்றவைக்கும். பைலட் இல்லையென்றால் வெந்நீர் இல்லை. வெந்நீர் இல்லையென்றால் மச்சான் இல்லை. கணக்கு சரிதானே!

யாரும் பார்க்காத நேரத்தில் போய் ஹீட்டரின் கேஸ் திருகை மூடினேன். அணைந்தது.

சாயங்காலம் குளியலறைக்குள் ஓர் அலறல். பிறகு தும்மல். இந்துஜா ஓடிவந்தாள்.

"வெள்ளம் சூடாவல. பைலட்டு அணஞ்சு கெடக்கு. வந்து பத்த வையுங்க."

"நெனச்ச உடனே பத்த வைக்க அது என்ன குத்துவிளக்காட்டி? கேஸாக்கும்!"

"அதுக்கு?"

"மொதல்ல திருகை மூடணும். கதவு, சன்னல் எல்லாம் தொறந்து போட்டுக் காத்திருக்கணும். சுவிட்சுல கை வைக்கப்பிடாது. இந்தக் கேஸு கனமாக்கும், தரையோட கெடக்கும். குனிஞ்சு மோந்து பாக்கணும். மணம் போவலன்னா கேஸ்காரனைக் கூப்பிடணும். துளி மணமும் இல்லன்னாத்தான் தீ காட்டணும்."

"பொறவு?"

"திருகை பைலட்டுல வச்சு, அமுக்கிப் பிடிச்சிட்டே நீள லைட்டரால பத்த வைக்கணும். பத்தினதும் கைய எடுத்தா அணஞ்சிரும். அரை நிமிசம் அமுக்கிட்டே நிக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? மஸ்கட்டுல இதுக்குன்னே என்னை வச்சிருந்தானுவ!"

"செரி, எப்ப பத்த வைப்பிய?"

"காத்து சரியில்ல. ஒரு வாரம் போவட்டும்."

ஆபத்தான விஷயத்தில் நான் பொய் சொல்லமாட்டேன். கடைசிப் பேச்சு மட்டும் சொந்தச் சரக்கு.

இந்துஜா வெளியே கையைக் காட்டினாள். "அண்ணனுக்குப் பச்சவெள்ளம் ஆவாது. வெளிய விறகடுப்பு இருக்குல்லா, நீங்க சூடாக்கிக் குடுங்க. எனக்குப் புகை ஒத்துக்காது."

இதை என் திட்டத்தில் நான் யோசிக்கவே இல்லை.

விடிந்ததும் அண்டாவில் தண்ணீர் நிறைத்து, அடுப்பில் தேங்காய்ச் சிரட்டையும் ஓலையும் திணித்து, கண்ணீர் வழிய ஊதினேன். வாளி வாளியாகக் குளியலறைக்குச் சுமந்தேன். உள்ளேயிருந்து உத்தரவு வந்தபடியே இருந்தது.

"மாப்ள, சூடு பத்தாது."

"மாப்ள, இது கூடிப்போச்சு."

"மாப்ள, முதுகுக்குக் கை எட்டல."

தேய்த்துவிட்டேன். வேறென்ன செய்ய? சாயங்காலமும் அதே பூசை. மறுநாளும் அதே. இடுப்பு கழன்று விழும்போல் இருந்தது. மானம் போனாலும் பரவாயில்லை, பைலட்டைப் பற்றவைத்துவிடலாம் என்று லைட்டரோடு சாய்ப்புக்குப் போனேன்.

உள்ளே நீலச் சுடர் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏட்டி! இது எப்பம் பத்திச்சு?"

இந்துஜா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். மேலெல்லாம் ஆவி பறந்தது.

"நீங்க சொல்லித் தந்த அன்னைக்கே. கதவைத் தொறந்து போட்டு, குனிஞ்சு மோந்து பாத்து, அரை நிமிசம் அமுக்கிப் பிடிச்சேன். நல்லாத்தான் சொல்லித் தாறிய. ஆனா திருகை மூடப் போனா, அது ஏற்கெனவே மூடித்தான் கெடந்துது. காத்து சுடரை அணைக்கும், திருகையுமா திருப்பும்?"

கையிலிருந்த லைட்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அப்ப... நான் எதுக்குட்டி ரெண்டு நாளா விறகு ஊதினேன்?"

"நான் என்ன செய்ய? மாப்ளைக்குத் தொந்தரவு குடுக்கப்பிடாது, நாளைக்கே கெளம்புதேன்னு அண்ணன் அன்னைக்கே பையைக் கட்டி வச்சிருந்தாவ. நீங்க சுமந்ததையும் முதுகு தேச்சதையும் கண்டு அப்படியே உருகிப்போனாவ. இப்படி ஒரு பாசம் கூடப்பொறந்தவன்கிட்ட கூட கிடைக்காதுன்னு பையை அவிழ்த்துட்டாவ."

"எப்ப போவாவளாம்?"

"மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை முடியட்டும்னாவ, அதுக்கு இன்னும் ரெண்டு மாசந்தானே கெடக்கு. அண்டாவைக் கொஞ்சம் பெருசா வையுங்க, நாளைக்கு ஊருலேந்து மைனியும் அண்ணனுக்க பிள்ளையளும் வாறாவ."