ஸ்ரேசன்வரை போய்வந்த கார்

உ
சிவமயம்

உரும்பிராய்,
19.08.1979.

அன்புள்ள மகன் யோகராசா வாசிக்க,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கு நானும் அம்மாவும் கிணற்றுத் தண்ணீரும் நலம். சாம்பியாவில் நீயும் மருமகளும், இதுவரை படத்தில் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிற நாலு வயதுப் பேத்தியும் நலமாயிருக்க அந்தப் பிள்ளையாரையே மேற்பார்வைக்கு விட்டிருக்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. ஆறு வருடத்தில் சேர்ந்த காசு ஒன்றுக்குத்தான் காணும், ஒன்றில் நீங்கள் மூன்று பேரும் மார்கழியில் வந்து போகலாம், அல்லது அப்பாவுக்கு ஒரு கார் வாங்கலாம், அப்பாவின் நாரிப்பிடிப்பு முதுகுக்கு இனிச் சைக்கிள் கூடாது, ஆகவே நல்ல கார் ஒன்றைப் பார்த்து எழுதுங்கள், கார் சரிவந்தால் நாங்கள் பிறகு ஒரு வருடம் வருகிறோம் என்று எழுதியிருந்தாய். அம்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உது அவன்ரை எழுத்துத்தானே?" என்று மட்டும் கேட்டா.

உனக்கு நான் பொய் எழுதமாட்டேன். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோருக்குச் சைக்கிள் மிதித்தவன் நான். என்னை முந்திப் புழுதி கிளப்பிய கார்களின் இலக்கங்கள் இன்றும் எனக்குப் பாடம். உன் கையெழுத்தில் கார் என்ற சொல்லைக் கண்டதும் நாரி நோவே போய்விட்டது. ஆசை வெட்கம் அறியாது என்பது சும்மா இல்லை.

அச்சுவேலி ஆழ்வாப்பிள்ளையிடம் சொல்லிவைத்தேன். அவர் நாற்பது வருடமாக மாட்டுத் தரகர். இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வரத் தொடங்கிய பிறகு கார்த் தரகும் செய்கிறார். தொழில் மாறியதே தவிர முறை மாறவில்லை. சாவகச்சேரியில் ஒரு டாக்குத்தர் விற்கிற ஜப்பான் கார் என்று போன வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவந்து ஒழுங்கை முகப்பில் நிறுத்தினார். செவ்விளநீர் நிறம். பக்கவாட்டில் முன்னிருந்து பின்னுக்கு ஒரு கறுப்புக் கோடு. நாலு கதவு. நின்ற நிலையிலேயே ஓடுகிற தோற்றம். எனக்கு வாயில் தண்ணீர் ஊறியது, இதை உன் மருமகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று எழுத வந்தேன், உனக்கு மருமகள் இல்லை, எனக்குத்தான் மருமகள், பார், காரை நினைத்தால் இப்படித்தான் எழுதுகிறேன்.

ஆழ்வாப்பிள்ளை காரைச் சுற்றிவந்தார். பின்னால் நின்று இடுப்பைப் பார்த்தார். குனிந்து முன் கம்பிகளைப் பல் எண்ணுவதுபோல் எண்ணினார். எஞ்சின் மூடியில் மாட்டுச் சுழி தேடினார். பிறகு, "நாகலிங்கத்தார், உது சவாரி மாடு. ஆனா குடும்பத்துக்கும் உழும். உப்பிடி ரெண்டும் ஒண்டிலை அமையிறது அருமை" என்றார். அம்மா, "மகன் தாற மாட்டை ஏன் பல்லுப் பிடிச்சுப் பாக்கிறியள்?" என்றா. அவ சிரிக்காமல் சொன்னதால் நாங்களும் சிரிக்கவில்லை.

ஆனால் நான் கந்தோர்க்காரன். ஒழுங்காகப் பரிசோதித்தேன். கராச் வைத்திருக்கிற கனிசியசை ஓட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் கூப்பிட்டிருந்தேன். எஞ்சினை ஓடவிட்டு மூடிமேல் செம்பில் தண்ணீர் வைத்தேன், ஒரு துளி சிந்தவில்லை. பின்பெட்டிக்குள் என் சைக்கிளை வைத்துப் பார்த்தேன், போகவில்லை. "ஐயா, காருக்குள்ளை ஏன் சைக்கிள்?" என்று கனிசியஸ் கேட்டான். கார் வழியில் நின்றால் நான் எதில் வீட்டுக்கு வருவது? வயிறு பதிந்த இனமாகையால் நம் ஒழுங்கையின் மதகுக் கல்லில் ஒரு முறை உரசியது, அது கல்லின் குற்றம். பின்சீற்றை அடிமட்டத்தால் அளந்தேன். மூன்று பேர் தாராளம். நடுவில் காலடியில் ஒரு மேடு இருக்கிறது, பெரியவர்களுக்கு இடைஞ்சல், நாலு வயதுப் பிள்ளை அதில் கால் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியால் றோட்டைப் பார்க்கலாம். இதை நான் அளக்காமலே கண்டேன்.

ஓடிப் பார்க்க எங்கே போவது என்று கேள்வி வந்தது. எனக்குக் கீரிமலைக்குப் போக விருப்பம், நேரான றோட்டு. அம்மா புதுச்சேலை உடுத்து, பயத்தம் பணியாரத் தகரத்தோடு வந்து பின்சீற்றில் ஏறி, "ஸ்ரேசனடிக்குப் போவம்" என்றா. யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குக் கார் எவ்வளவு நேரத்தில் போகும் என்று அறிவதும் பரிசோதனைதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். கனிசியஸ் ஓட்ட, ஆழ்வாப்பிள்ளை முன்சீற்றில், நான் அம்மாவுக்குப் பக்கத்தில். போன விதத்தை என்ன சொல்ல. கோண்டாவிலில் ஒரு பஸ்ஸை முந்தினோம், யோகராசா. முப்பத்தொரு வருடத்தில் முதல் தரம் நான் முந்தினேன். திரும்பி அந்தச் சாரதியைப் பார்த்துத் தலையாட்டினேன், அவன் பேசியது என்னவென்று கேட்கவில்லை.

ஸ்ரேசனில் கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயில் வந்து நின்றது. அம்மா இறங்கிப்போய் மேடையில் நின்றா. சனம் முழுக்க இறங்கி, கடைசிப் பெட்டியும் வெறுமையாகும்வரை நின்றா. "ஆரைப் பாக்கிறாய்?" என்றேன். "ஒருத்தரையும் இல்லை. சும்மா" என்றா. பணியாரத் தகரத்தைக் கனிசியஸ் கையில் கொடுத்தா. அவன் கோண்டாவில் தாண்டுவதற்குள் முடித்துவிட்டான்.

இதிலேதான் பிழை நடந்தது. ரயில் நேரத்தில் காரும் நாங்களும் ஸ்ரேசனில் நின்றதைப் பக்கத்து வளவுப் பொன்னம்பலம் சந்தையால் வரும்போது கண்டிருக்கிறார். நம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஸ்ரேசனால் கார் வந்தால் வெளிநாட்டுப் பிள்ளை வந்திறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம், உனக்குத் தெரியும். நாங்கள் போதாக்குறைக்குக் கச்சேரி றோட்டால் நாலு தரம் வேகம் பார்த்துத் திரும்பியதில், அவருடைய சைக்கிளும் செய்தியும் எங்களை முந்திவிட்டன. ஒழுங்கைக்குள் வந்து கனிசியஸ் கோர்ண் அடித்தான். படலை திறக்க நான் இறங்கினால், படலையடியில் ஊர் நின்றது. வாழைக்குலை, மாம்பழம், இளநீர், நிறைகுடம். கண் புகைச்சலில் ஆள் தெரியாத சிவக்கொழுந்து மாமி ஆலாத்தித் தட்டோடு நேரே வந்து முன்சீற்றில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்த ஆழ்வாப்பிள்ளைக்குச் சுற்றினா. சுற்றிப் பொட்டும் வைத்து, கன்னத்தைத் தடவி, "என்ரை ராசா, அந்த வெய்யிலிலை கறுத்துப் போனியே. தலையும் நரைச்சுப் போச்சு. உப்புத் தண்ணியோ அங்கை?" என்று அழுதா. ஆழ்வாப்பிள்ளைக்கு அறுபத்தைந்து வயது. மாட்டுச் சந்தையில் யாருக்கும் பணியாத மனிசன், "ஓம் மாமி" என்றார்.

எல்லோரும் பின்சீற்றை எட்டிப் பார்த்தார்கள். அங்கே அம்மா மட்டும் இருந்தா. "ஒருத்தரும் வரேல்லை. நாங்கள் கார் பாக்கப் போனனாங்கள்" என்றா. சிரிப்பு வரவேண்டிய இடம், ஒருவரும் சிரிக்கவில்லை. கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவது வழக்கமில்லை என்றபடியால் எல்லாவற்றையும் விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா கனநேரம் காரை விட்டு இறங்கவில்லை.

ஆகவே என் முடிவு: எஞ்சின் நல்லது, சீற் நல்லது, பஸ்ஸை முந்தும், நிறம் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. கார் வாங்கலாம். நீ எழுதினால் ஆழ்வாப்பிள்ளைக்குச் சொல்லுவேன்.

மருமகளுக்கும் பேத்திக்கும் எங்கள் அன்பு. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, குறைவில்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறோம்.

இங்ஙனம்,
உன் அப்பா,
க. நாகலிங்கம்.

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை அம்மாவுக்கு வாசித்தேன். எழும்பிப் போய் விறாந்தையில் வாழைக்குலைகளைத் திருப்பி வைத்தா. மூன்று குலை, யோகராசா, எல்லாம் ஒன்றாகப் பழுக்கின்றன, நாங்கள் இரண்டு பேர். மேலே எழுதியதெல்லாம் உண்மை, முடிவு மட்டும் பிழை. கார் வேண்டாம். பின்சீற் மூன்று பேருக்கு என்று அளந்தேன், வீட்டுக்கு வந்தபோது அதில் உன் அம்மா ஒருத்திதான் இருந்தா, அவ்வளவு இடம் எங்களுக்கு என்னத்துக்கு? எனக்குச் சைக்கிள் இருக்கிறது, நாரி நோவும் திரும்பி வந்துவிட்டது. ஆழ்வாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், மார்கழியில் ஒரு நாளைக்கு அந்தக் காரையே வாடகைக்குப் பிடித்துத் தருவாராம், தான் மட்டும் முன்சீற்றில் ஏறமாட்டாராம். அந்த ஒரு நாள் எனக்குப் போதும். எந்தத் திகதி ரயில் என்று எழுது.