மாப்பிள்ளை கொடுத்த யூனிஃபார்ம்

கதாநாயகன் காலைத் தூக்கி உதைத்தார். அடியாள் விழுவதற்கு முன்பே போலீஸ் சட்டை முதுகுப் பக்கம் டர்ரென்று கிழிந்தது.

"டெய்லர் எங்கப்பா?" டைரக்டரின் சத்தத்தில் குடோன் கூரையே அதிர்ந்தது.

கடத்தல் கும்பலை ஒற்றை ஆளாக ஒழிக்கும் இன்ஸ்பெக்டரின் கதை. இன்று கடைசிச் சண்டை. படம் ஆரம்பித்த பிறகு கதாநாயகன் இரண்டு சுற்று பெருத்தது டெய்லரின் குற்றமில்லை. அதை யார் போய்ச் சொல்வது?

"அரை மணியில வேற சட்டை வரணும். இல்லேன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம்."

சினிமா உடை வாடகைக் கடைக்குப் போய்வர அரை நாள் ஆகும். டெய்லருக்குத் தங்கை புருஷன் ஞாபகம் வந்தது. போலீஸ்காரர். அதே உடம்பு, அதே தொப்பை, வீடும் அடுத்த தெரு. அவர் காக்கியோடு வந்து இறங்கினால் குடும்பத்துப் பெரியவர்களே எழுந்து நிற்பார்கள்.

போன் போட்டதும் வந்துவிட்டார். சட்டையைக் கழற்றத்தான் மனசு வரவில்லை.

"மச்சான், இது அரசாங்கச் சொத்து. ஒரு நூல் பிரிஞ்சாலும் நான் பதில் சொல்லணும்."

"என் உயிர் மாதிரி பார்த்துக்கறேன் மாப்பிள்ளை."

தோளில் நட்சத்திரம் குத்தும்போது டெய்லர் தையலைத் தடவிப் பார்த்தார். அரசாங்கத் தையலே தனி!

வெற்றுடம்போடு கூச்சப்பட்ட மாப்பிள்ளைக்கு, கையில் அகப்பட்ட பூப்போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்தார். அது அடியாள் சட்டை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஏய் பூச்சட்டை! அங்க சண்டை நடக்குது, நீ இங்க காத்து வாங்கறியா?" என்று உதவி டைரக்டர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க சார், அவரு நிஜ போலீஸ்!" டெய்லர் குறுக்கே பாய்ந்தார்.

"ஆமா, நான் நிஜ முதலமைச்சர். தள்ளுய்யா!"

சண்டைக்காகக் குடோன் தரையில் சேறு கொட்டியிருந்தார்கள். கேமரா ஓடியது. கதாநாயகன் ஓங்கிய கை மாப்பிள்ளையின் தாடையில் நிஜமாகவே இறங்கியது. அவர் தாடையைப் பிடிக்கவில்லை. எதிரில் இருந்த சட்டையைத்தான் பிடித்தார்.

"சேறு படுது சார்... சட்டை பத்திரம்!"

"கட்! அடி வாங்கறவனுக்கு சட்டை மேல என்னய்யா அக்கறை? ஒன் மோர்!"

அடுத்த டேக்கில் கதாநாயகன் சேற்றில் சறுக்கினார். மாப்பிள்ளை பதறிப்போய்க் காலரைப் பிடித்துத் தூக்கினார். ஆள் கீழே போனார். காலரோடு பாதிச் சட்டை மாப்பிள்ளை கையில் வந்தது.

"பிரமாதம்! டேக் ஓகே!" டைரக்டர் கை தட்டினார்.

மாப்பிள்ளை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். டெய்லர் ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டார். தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

"வாங்க மாப்பிள்ளை, நானே ஸ்டேஷனுக்கு வர்றேன். உங்க பெரிய அதிகாரி கால்ல விழுந்தாவது உங்க வேலையைக் காப்பாத்தறேன்."

"வேண்டாம் மச்சான்! ஸ்டேஷன் பக்கமே போகவேண்டாம்!"

"என் தப்புக்கு நீங்க ஏன் பழி சுமக்கணும்?" டெய்லர் அவரை வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடியாள் சட்டைகளைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்த வாடகைக் கடைக்காரர் எதிரே வந்தார். கிழிந்த காக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"என்ன சார் இது? மூணு வருஷமா இதை எங்க கடையில மாச வாடகைக்கு எடுக்கறீங்க, ஒரு பட்டன்கூடத் தெறிச்சதில்ல. திடீர்னு உங்களுக்கு நிஜமாவே போலீஸ் வேலை கிடைச்சிடுச்சா?"